அரக்கனுக்கும் சாதி உண்டு

(ஜூலை மாதம் பாளையங்கோட்டையில் நடந்த நினைவுக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இராவணனைப் பத்திப் பேசுங்கன்னு கேட்டாங்க. நான் புராண ஆராய்ச்சி செய்தவன் இல்லை. பகல்ல பேங்க் கவுண்டர்ல உட்கார்ந்து நோட்டு எண்ணுறவன், ராத்திரியில கவிதைன்னு எதையாவது எழுதிப் பார்க்கிறவன். அதனால கவுண்டர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒருநாள் காலையில கணக்கு ஆரம்பிக்க ஒருத்தர் வந்தார். வயசு அறுபது இருக்கும். படிவத்தில் பெயர் இராவணன், தகப்பனார் பெயர் இராமசாமி. பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதென்னய்யா பேரு, ரேஷன் கார்டுலயும் இதேதானா?" என்று கேட்டார். வந்தவர் நிதானமாகச் சொன்னார்: "எங்கப்பா கட்சிக்காரரு சார். பெரியார் கூட்டத்துக்குப் போயிட்டு வந்து வச்ச பேரு." நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவருக்கு அடுத்து நின்றது ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை எடுக்க வந்தவள், எங்க பக்கத்து ஆள். பெயர் குப்பை. தகப்பன் பெயர் மண்ணாங்கட்டி. கைநாட்டு வைத்தாள், பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். இதென்ன பேரு என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிள்ளை தங்காத வீட்டில் எல்லாச் சாதியிலும் இப்படிப் பேர் வைக்கிற வழக்கம் உண்டு, தெரியும். ஆனால் சூத்திரனுக்கு வைக்கிற பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறான். சூத்திரனுக்கே அப்படி என்றால் அதற்கும் கீழே தள்ளப்பட்டவனுக்கு? நல்ல பெயர் வைத்தால் ஊர்க்காரன் கோபப்படுவான் என்று பயந்து பிள்ளைக்குப் பேர் வைத்த தெருக்கள் நம்முடையவை.

இராவணன் என்ற பெயர் அதிர்ச்சி தருகிறது. குப்பை என்ற பெயர் தருவதில்லை. ஏன்? இராவணன் அரக்கன்தான், கெட்டவன்தான், ஆனாலும் ராஜா. அவனை எதிர்ப்பதற்குக்கூட அவனைத் திரும்பிப் பார்த்தாக வேண்டும். இந்த வித்தியாசத்தைத்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன். இராவணன் நல்லவனா கெட்டவனா என்கிற பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அது தமிழ்நாட்டில் நூறு வருசமாக நடக்கிறது. என் கேள்வி வேறே. இராமாயணத்தில் கொல்லப்பட்டவர்களில் யாருடைய சாவுக்குப் பரிகாரம் செய்யப்பட்டது, யாருடைய சாவுக்குச் செய்யப்படவில்லை?

*

நான் இராவணனை முதலில் பார்த்தது புத்தகத்தில் அல்ல, வேட்டித் திரையில். மழை பெய்யணும்னு ஊர்க்காரங்க பாவைக்கூத்து விடுவாங்க. பத்து நாள் இராமாயணம். திரைக்குப் பின்னால் விளக்கு, விளக்குக்கும் திரைக்கும் நடுவில் தோல் பாவைகள். கூத்து நடந்தது ஊர்த் தெருவில். நாங்க முள்வேலிக்கு இந்தப் பக்கம். பத்துத் தலையோட இராவணன் திரையில் வந்தா எங்களுக்கு மூச்சே நின்னுரும். அவ்வளவு பெருசு, அவ்வளவு அழகு. இராமனைவிட அவன் பாவைதான் அலங்காரமா இருக்கும்.

ஆனா அந்தக் கூத்தில் எங்களுக்குப் பழக்கமான முகம் இன்னொன்று இருந்தது. உச்சிக்குடும்பன். கூடவே உளுவத்தலையன். இரண்டு பேரும் கோமாளிகள். வால்மீகியிலும் கிடையாது, கம்பனிலும் கிடையாது. கதை அலுப்புத் தட்டும்போதெல்லாம் வந்து அடிபடுவான், உதைபடுவான், அசிங்கமாப் பேசுவான், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். குடும்பன் என்பது இந்தத் தாமிரபரணி வயல்காட்டில் யாருடைய பட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பாசனத்தைப் பார்த்துக்கொண்டவன், மடையைத் திறந்து அடைத்தவன், நாற்றங்காலுக்கு நாள் குறித்தவன், அவனுடைய பட்டம். அந்தப் பட்டம் இராமாயணத்துக்குள் நுழைந்தபோது கோமாளியின் பேராக நுழைந்திருக்கிறது.

நானும் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். எங்கய்யா மட்டும் சிரிக்கல. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எந்திரி ல, போவோம்"னாவ. ஏன் போறோம்னு எனக்கு அன்னைக்குப் புரியல. "இராவணன் சாவுறதப் பார்க்கணும்யா"ன்னு அழுதேன். "அவன் செத்தா அவன் தம்பி ராசாவாயிருவான். நீ ஏன் ல அழுத?"ன்னாவ.

எங்கய்யா அஞ்சாவது வரைக்கும் படிச்சவர். இந்தப் பேச்சு முழுசும் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்கு நான் எழுதுற உரைதான்.

*

இராவணனுக்காக வழக்காடியவர்கள் பக்கம் வருவோம். இங்கேயிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் முன்னீர்ப்பள்ளம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளை. ஆங்கிலப் பேராசிரியர், தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர், 1947இல் காலமானார். அவர் 1928இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதி முன்னீர்ப்பள்ளத்திலிருந்தே வெளியிட்டார். 'மகா இராவணன், இலங்கை வேந்தன்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இராவணன் தமிழ் வேந்தன், வீரன், இசை தெரிந்தவன், கல்வியாளன், வேள்வி செய்த ஆரியரை எதிர்த்தவன், அதனால்தான் ஆரியக் கவி அவனை அரக்கனாக்கினான் என்பது அவர் வாதம். வெள்ளைக்காரன் காலத்தில், வீட்டுக்கு வீடு இராமாயணம் வாசித்துக்கொண்டிருந்த நாட்டில் இதை எழுதத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. பெரியார் இராமாயணப் பாத்திரங்களை ஒவ்வொருவராக எடுத்து வைத்து விசாரித்தார். 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்று அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மோதினார்கள். 1946இல் புலவர் குழந்தையின் இராவண காவியம் வந்தது. 1948இல் அரசு அதைத் தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. 1974 டிசம்பரில் மணியம்மையார் தலைமையில் பெரியார் திடலில் இராவண லீலா நடந்தது. பெரியாரின் இராமாயண நூலை இந்தியில் வெளியிட்ட லலாய் சிங் மீது உத்திரப் பிரதேச அரசு பாய்ந்தது, புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1976இல் அரசு தோற்றது. வடக்கே நம் ஆட்களில் பலர் இராவணனைத் தங்கள் ஆளாக வரித்துக்கொண்டார்கள். சந்திரசேகர் ஆசாத் தன் பெயரோடு இராவண் என்பதைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

இதில் எதையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. புனிதம் என்று கட்டப்பட்ட ஒன்றின் மேல் விழுந்த முதல் அடிகள் இவை. ஆனால் ஒன்று கவனியுங்கள். சட்டக் கல்லூரியில் கம்பனுக்காக வாதாடிய சேதுப்பிள்ளை எந்த ஊர்? ராசவல்லிபுரம். அதுவும் இதே தாமிரபரணிக் கரைதான். இராவணனை மீட்டவர் முன்னீர்ப்பள்ளத்துப் பிள்ளை, கம்பனைக் காத்தவர் ராசவல்லிபுரத்துப் பிள்ளை. வழக்கின் இரண்டு பக்கமும் ஒரே தெருவில் உட்கார்ந்திருந்தது. அந்த வழக்கு நடந்த நாட்களில் இந்த ஆற்றுப் பாசனத்தில் நிலம் யார் பேரில் இருந்தது, சேற்றில் யார் கால் இருந்தது? சேற்றில் நின்றவனை இரண்டு பக்கத்துக்காரர்களும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

அதனால்தான் இராவணனை மீட்ட முறையும் அப்படி அமைந்தது. அவன் கெட்டவன் அல்ல. ஏன்? வேந்தன், பண்டிதன், வீணை வாசித்தவன், சிவபக்தன், உயர்ந்த குடி. அதாவது, பெரிய இடத்துப் பிள்ளையைப் பொய் வழக்கில் மாட்டிவிட்டார்கள் என்பதுதான் வாதம். குற்றவாளிக் கூண்டை உடைக்கவில்லை, தங்கள் ஆளை மட்டும் அதிலிருந்து இறக்கினார்கள். வீணை வாசிக்கத் தெரியாத அரக்கன் என்ன ஆனான்? போர்க்களத்தில் ஆயிரம் ஆயிரமாகச் செத்த, பேர்கூடச் சொல்லப்படாத அரக்கன் யார் வீட்டுப் பிள்ளை?

பெண்கள் விசயத்திலும் இந்த மீட்பு தடுமாறுகிறது. விருப்பமில்லாத பெண்ணைத் தூக்கிப் போனதை 'அவளைத் தொடவில்லை பாருங்கள்' என்று பாராட்டாக மாற்றினார்கள். சூர்ப்பணகையை எடுத்துக்கொள்ளுங்கள். இராமாயணத்தில் அவள் முதலில் செய்த குற்றம் என்ன? வேறு குலத்து ஆண்மேல் ஆசைப்பட்டாள், அதை வாய்விட்டுச் சொன்னாள். மூக்கு போயிற்று, காது போயிற்று, கம்பனில் முலையும் போயிற்று. 2025 ஜூலையில் இதே பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டபோது நான் சூர்ப்பணகையைத்தான் நினைத்தேன். குலம் தாண்டிய ஆசைக்கு உறுப்பை வெட்டலாம், உயிரை எடுக்கலாம் என்ற தீர்ப்பு எவ்வளவு பழையது! அவளுக்காக எந்த ஊர்ப் பேராசிரியரும் அன்றைக்கு 'மகா சூர்ப்பணகை' என்று ஒரு புத்தகம் எழுதவில்லை.

*

இப்போது நடுக் கேள்விக்கு வருகிறேன். இராவணன் யார்? வால்மீகி சொல்கிற பூர்வீகத்தைப் பாருங்கள். பிரம்மாவின் மகன் புலத்தியர், புலத்தியரின் மகன் விசிரவசு, அந்த விசிரவசுவுக்கும் அரக்கர் குலத்துக் கைகசிக்கும் பிறந்தவன் இராவணன். தகப்பன் வழியில் பார்ப்பனன். அனுமான் இலங்கையில் சீதையைத் தேடும்போது விடிகிற நேரத்தில் அங்கே வேதம் ஓதுகிற சத்தம் கேட்கிறான். அரக்கர் ஊரில் வேதம்! வால்மீகிக்கே இதில் ஆச்சரியம் இல்லை. நமக்குத்தான் ஆச்சரியம்.

இராமேஸ்வரத்துக்குப் போய்க் கேளுங்கள், எதற்கு இங்கே லிங்கம் வைத்தார்கள் என்று. இராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம் தீர என்று சொல்வார்கள். பிரம்மஹத்தி என்றால் பார்ப்பனனைக் கொன்ற பாவம். பெண்டாட்டியைத் தூக்கிப் போனவன், போர்க்களத்தில் எதிரே ஆயுதத்தோடு நின்றவன், அரக்கன், அத்தனை இருந்தும் அவனைக் கொன்றதற்கு அவதார புருசனே பரிகாரம் செய்ய வேண்டியிருந்தது. கடற்கரையில் ஒரு பெரிய கோயிலே எழும்பியது. இன்றைக்கும் லட்சக்கணக்கான ஜனம் போய் முழுகி எழுகிறது.

சைவமும் இதையேதான் செய்திருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகங்களின் அமைப்பைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் எட்டாம் பாட்டு இராவணனுக்கு, பத்தாம் பாட்டு சமணருக்கும் பௌத்தருக்கும். நம் நெல்லையப்பரைப் பாடிய பதிகத்தின் சொந்தக்காரர் அவர். எட்டாம் பாட்டு இராவணன் கைலையைத் தூக்குகிறான், சிவன் விரலால் அழுத்துகிறான், நசுங்கியவன் சாமகானம் பாடுகிறான், சிவன் இரங்குகிறான், வாளும் கொடுக்கிறான். பத்தாம் பாட்டுக்காரர்களுக்கு இரக்கம் கிடையாது. திட்டு மட்டும்தான். திட்டோடு நின்றதா? மதுரையில் சமணரைக் கழுவேற்றியதைச் சைவம் தன் கதையில் தானே பெருமையாகச் சொல்கிறது. அரக்கன் உள்ளே இருக்கிறவன், அழுதால் மன்னிக்கலாம். வேதத்தையும் வருணத்தையும் ஏற்காதவன் வெளியே இருக்கிறவன், அவனுக்கு மன்னிப்பு கிடையாது. சிவன் கோயில்களில் இராவண வாகனம் உண்டு. பத்துத் தலையோடு சாமியைச் சுமந்துகொண்டு வீதியில் வருவான் அரக்கன். அவன் சுமக்கிற சாமி நம் தெருவுக்கு வந்ததில்லை.

நாம் பூர்வ பௌத்தர்கள், தோற்கடிக்கப்பட்டுத் தீண்டாதவர்கள் ஆக்கப்பட்டோம் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். அவர் சொன்ன வரலாற்றை அப்படியே ஏற்கலாமா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். ஆனால் நம்மைத் தேட வேண்டிய இடத்தை அவர் சரியாகக் காட்டினார் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஆளை எட்டாம் பாட்டில் தேடுகிறோம், அவன் பத்தாம் பாட்டில் இருக்கிறான்.

*

இனி சம்பூகன். கம்பன் உத்தர காண்டம் பாடவில்லை. ஒட்டக்கூத்தர் பெயரில் தமிழில் வழங்கும் உத்தர காண்டத்தை ஊரில் யாரும் வாசிப்பதில்லை. பாவைக்கூத்தும் பட்டாபிஷேகத்தோடு விளக்கணைத்துவிடும். அதனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இராவணனைத் தெரியாத பிள்ளை கிடையாது, சம்பூகனைத் தெரிந்த பிள்ளையும் கிடையாது.

கதை இதுதான். ஒரு பார்ப்பனரின் பிள்ளை அகாலத்தில் செத்துப்போகிறது. பிணத்தை அரண்மனை வாசலில் கொண்டுவந்து போட்டு, இது ராஜாவின் குற்றம் என்று தகப்பன் அழுகிறான். நாரதர் காரணம் சொல்கிறார்: எங்கேயோ ஒரு சூத்திரன் தவம் செய்கிறான், அதனால்தான் இது. இராமன் புஷ்பக விமானத்தில் ஏறுகிறான். மேற்கே தேடுகிறான், வடக்கே தேடுகிறான், கிழக்கே தேடுகிறான், கிடைக்கவில்லை. கடைசியில் தெற்கே வருகிறான். ஒரு மலையடியில், ஏரிக்கரையில் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிற ஒருத்தனைப் பார்க்கிறான். நீ எந்த வருணம் என்று கேட்கிறான். சூத்திரன், பெயர் சம்பூகன் என்று அவன் உண்மையைச் சொல்கிறான். பேச்சு முடிவதற்குள் தலை துண்டாகிறது. தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள். செத்த பிள்ளை பிழைத்துக்கொள்கிறது.

இரண்டு சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பேங்க்காரன் பாஷையில் சொன்னால் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். இராவணன் சந்நியாசி வேஷம் போட்டுப் பொய் சொல்லி வந்தவன், சம்பூகன் கேட்டதும் உண்மையைச் சொன்னவன். இராவணன் போரில் ஆயுதத்தோடு செத்தான், சம்பூகன் வெறுங்கையோடு செத்தான். இராவணனைக் கொன்றதற்குத் தோஷம், பரிகாரம், கோயில். சம்பூகனைக் கொன்றதற்குப் பூமாரி. இராமன் ஏறி வந்த புஷ்பக விமானம் யாருடையது? குபேரனிடமிருந்து இராவணன் பறித்து வைத்திருந்தது. வில்லன் போனாலும் அவன் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது, நம்மைத் தேடி.

இதோடும் முடியவில்லை. சம்பூகனைக் கொன்ற கையோடு இராமன் போய் இறங்குகிற இடம் அகத்தியர் ஆசிரமம். அகத்தியர் பாராட்டி உபசரித்து ஆபரணமும் கொடுக்கிறார். வால்மீகி சொல்கிற அந்த ஆசிரமம் நம் பொதிகை இல்லை. ஆனாலும் தமிழ் தந்தவர், தாமிரபரணியைத் தந்தவர் என்று நாம் கொண்டாடுகிற அதே பெயர்தான். அந்த ஆபரணத்தைப் பற்றி நம் பாடப்புத்தகம் எதுவும் சொல்லித்தந்ததில்லை.

சம்பூகன் சூத்திரன், பஞ்சமன் இல்லையே என்று யாராவது கேட்கலாம். சரிதான். அந்த நாலு வருணக் கணக்கில் நாம் தண்டிக்கப்படக்கூட இல்லை. சூத்திரனுக்கே தலை போனது என்றால் நம் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை என்று அர்த்தம். அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது சம்பூகன் கதையை எடுத்தார். இராமன் தனிப்பட்ட முறையில் கொடியவன் என்று காட்டுவது அவர் நோக்கம் அல்ல. தண்டனை இல்லாமல் வருண ஒழுங்கு ஒருநாளும் நிற்காது, அந்த ஒழுங்கைக் காக்க வேண்டிய ராஜாவுக்கு வேறு வழியில்லை என்று காட்டினார். இது முக்கியமான வித்தியாசம். பிள்ளைவாள்கள் நல்ல ராஜா யார் என்று வாதாடினார்கள். அம்பேத்கர் சட்டத்தைக் கேள்வி கேட்டார். ஐந்தாவது படித்த எங்கய்யாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். இவன் செத்தால் அவன் தம்பி ராசா.

*

கடைசியாக நம் ஆற்றுக்கு வருகிறேன். மேலே மலையடிவாரத்தில் பாபநாசம். அசுரர் பக்கம் உறவுகொண்ட ஓர் அந்தண குருவை இந்திரன் கொன்றான், அந்தப் பிரம்மஹத்தி இங்கேதான் தீர்ந்தது, அதனால்தான் பாபநாசம் என்று தலபுராணம் சொல்கிறது. இராமேஸ்வரத்துக் கதையேதான், ஆள் மட்டும் வேறு. கீழே அருகன்குளத்தில் ஜடாயு துறை. சீதைக்காகச் சண்டை போட்டுச் செத்த கழுகுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று ஐதீகம். ஆக, இந்த ஆற்றில் பார்ப்பனனைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரம் உண்டு, ஒரு கழுகுக்குக்கூட முறையான இறுதிச் சடங்கு உண்டு.

இந்த இரண்டு துறைக்கும் நடுவில் கொக்கிரகுளம். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளிகளுக்குக் கூலி கேட்டு, சிறையில் கிடந்த 652 பேரை விடுதலை செய்யக் கேட்டு, கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடி நடந்தது, ஜனம் ஆற்றுக்குள் ஓடியது. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு, ஒரு சின்னக் குழந்தை உண்டு. ஆற்றில் மூழ்கிச் செத்தார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு, விசாரணைக் கமிஷனும் அந்தக் கணக்கின் பக்கமே நின்றது. அதாவது, அவர்களை யாரும் கொல்லவில்லை.

நான் அப்போ சின்னப் பையன். அன்னைக்குச் சாயங்காலம் எங்க தெருவுக்கு ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தாங்க. சில பேர் வேட்டி ஈரமா இருந்துச்சு. செருப்பில்லாம வந்தாங்க. யாரும் பேசல. வராதவங்க வீட்டு வாசல்ல லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

மறுநாளிலிருந்து ஒரு சொல் புழங்க ஆரம்பித்தது. கலவரக் கும்பல், கல்லெறிந்தவர்கள், பெண்களிடம் வம்பு செய்தவர்கள். இதைப் படிக்கப் படிக்க எனக்கு இன்றைக்குப் புரிகிறது. அரக்கன் என்பது ஒரு இனத்தின் பெயர் அல்ல. கொலைக்கு முன்னாலோ பின்னாலோ எழுதப்படுகிற ஒரு உத்தரவு. அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் அடித்தது தப்பு என்று ஆகாது. இராவணன் மேல் அதே சொல்லை எழுதினார்கள். ஆனால் அவன் தகப்பன் பெயர் அவனைக் காப்பாற்றியது. செத்த பிறகாவது தோஷம் வந்து கொன்றவனைப் பிடித்தது. கொக்கிரகுளத்தில் செத்தவர்களுக்காக எந்தத் தோஷமும் யாரையும் பிடிக்கவில்லை. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருசத்துக்குக் குத்தகை எழுதிக்கொடுத்த அந்த மலையில், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு 2024இல் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிக் கீழே இறக்கினார்கள். அதற்கும் எந்தப் பாபநாசத்திலும் யாரும் முழுகி எழவில்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். இராவணன் பெயரைப் பிள்ளைக்கு வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. புனிதத்தைச் சீண்டுகிற எதுவும் நமக்கு உதவும். ஆனால் இராவணனின் கிரீடத்தை வாங்கி நம் தலையில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாமும் ஆண்ட பரம்பரை, நாமும் ராஜா வீட்டுப் பிள்ளை என்று இன்றைக்கு நம் தெருக்களிலேயே கேட்கிற குரல்களை நினைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். ராஜா என்று நிரூபித்தால்தான் கொலைக்குக் கணக்குக் கேட்க முடியும் என்றால், குப்பைப் பாட்டிக்கு யார் கணக்குக் கேட்பது? ராஜாவாக இல்லாதவன் சாவுக்கும் பரிகாரம் வேண்டும் என்பதுதான் நம் அரசியல். அந்தப் பரிகாரத்தைக் கோயிலில் கேட்கவில்லை. கோர்ட்டில் கேட்கிறோம், கூலியில் கேட்கிறோம், நிலத்தில் கேட்கிறோம்.

ஒவ்வொரு வருசமும் ஜூலை 23 அன்று ஆற்றுக்குப் போய்ப் பூப்போடுகிறோம். நாளைக்கும் போவோம். சம்பூகன் தலை விழுந்தபோதும் பூ விழுந்தது, அது கொன்றவன் மேல் விழுந்த பூ. நாம் போடுவது செத்தவர்களுக்கு. பூவை அள்ளிப் போடும்போது பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பூவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். இராவணன் கதையை அவர்களுக்கு ஏற்கனவே யாராவது சொல்லியிருப்பார்கள். சம்பூகன் கதையை நீங்கள் சொன்னால்தான் உண்டு.